டாம் கோல்ஃப் ஆடின ஏழு நிமிஷம்

இன்னைக்கு எபிசோட் ஒரு பூனை கோல்ஃப் ஆடுறதைப் பத்தி. சிரிக்காதீங்க, கடைசியில இது ஒரு லேஆஃப் கதையா போய் முடியும்.

கார்ட்டூன் பேரு 'டீ ஃபார் டூ'. டாம் அண்ட் ஜெர்ரி வரிசையில 1945 ஜூலையில வந்தது. நம்ம காதுல விழுந்தா "ரெண்டு டீ சொல்லுப்பா"ன்னு இருக்கும். அங்கேயும் அதே சிலேடைதான். அப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பழைய பாட்டோட பேரு அது. கோல்ஃப்ல பந்தை அடிக்கிறதுக்கு முன்னாடி தூக்கி வைக்கிற சின்னக் குச்சிக்கும் டீன்னுதான் பேரு.

படம் தொடங்கும்போது டாம் தெரியாது. பிய்ஞ்சு கிடக்கிற புல்தரைதான் தெரியும். கேமரா அப்படியே நகர்ந்து போனா, ஒரு பெரிய மணல் குழிக்குள்ள டாம் நின்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். ஒரு வார்த்தை வசனம் இல்லாம, இவன் எவ்வளவு மோசமான ஆட்டக்காரன்னு நமக்குப் புரிஞ்சுடும். அப்புறம் ஜெர்ரி வரும், தேனீக்கள் வரும். டாம் ஏரிக்குள்ள குதிச்சு ஒரு நாணல் தண்டு வழியா மூச்சு விடும். ஜெர்ரி தேனீக்கூட்டத்துக்கு அந்தத் தண்டைக் காட்டிக்கொடுக்கும். மிச்சத்தை நீங்களே பார்த்துக்கங்க.

இதை முதல்ல பார்த்தவங்க யாருன்னு யோசிச்சுப் பாருங்க. 1942 தொடக்கத்துல மலாயாவை ஜப்பான் பிடிச்சதும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து கிட்டத்தட்ட நின்னுபோச்சு. கோல்ஃப் பந்துக்குள்ள இருக்கிறதே ரப்பர்தான். புதுப் பந்து தயாரிக்கிறதையே அந்த வருஷம் அரசு நிறுத்திடுச்சு. பழைய பந்துக்கு மேல்தோல் மாத்தி ஆடினாங்க. யூ.எஸ். ஓப்பன் போட்டி 1942லிருந்து 1945 வரை நாலு வருஷம் நடக்கவே இல்ல. அகஸ்டா மைதானத்துல மாடும் வான்கோழியும் மேய்ஞ்சது. அப்படிப்பட்ட நேரத்துல ஒரு பூனை மைதானத்தையே நாசம் பண்ணி ஆடுறதைப் பார்த்தா, அன்னைக்கு தியேட்டர்ல கூடுதலாவே சிரிச்சிருப்பாங்க.

இப்போ இதைச் செஞ்சவங்க கதை. வில்லியம் ஹன்னா, ஜோசஃப் பார்பேரா. ஹன்னா கொஞ்ச காலம் கட்டடப் பொறியியல் பக்கம் இருந்தவர். பார்பேரா நியூயார்க்ல பேங்க் வேலை பார்த்துக்கிட்டே பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் அனுப்பினவர். எம்.ஜி.எம். ஸ்டூடியோவுல ரெண்டு பேரும் வேலையைப் பிரிச்சுக்கிட்டாங்க. பார்பேரா கதையையும் காட்சிகளையும் வரைவார். ஹன்னா டைமிங் பார்ப்பார். டாம் அலறுற அந்தப் பிரபலமான கத்தலும் ஹன்னாவோட குரல்தான்.

டைமிங்னா என்ன? ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம். ஏழு நிமிஷம்னா 10,080 ஃபிரேம். பந்து எந்த ஃபிரேம்ல படணும், அதுக்கு முன்னாடி டாம் எத்தனை ஃபிரேம் அசையாம நிக்கணும், எல்லாம் வரையத் தொடங்குறதுக்கு முன்னாடியே தாள்ல எழுதியாகணும். அந்தத் தாளை வெச்சுத்தான் ஸ்காட் பிராட்லி இசை எழுதுவார். வசனம் இல்லாததால இசைதான் பேசணும். பந்து உருண்டா இசையும் உருளும். ரெண்டு ஃபிரேம் தள்ளிப்போனா ஜோக் செத்துடும். கோடு எழுதுறவங்களுக்கு இந்த வேதனை புரியும்.

1943லிருந்து 1952 வரைக்கும் வந்த படங்களுக்கு இந்த வரிசை ஏழு ஆஸ்கர் வாங்குச்சு. மேடை ஏறி வாங்கினது யாரு? தயாரிப்பாளர் ஃப்ரெட் குவிம்பி. விதிப்படி விருது தயாரிப்பாளருக்குத்தான். ஹன்னாவும் பார்பேராவும் கைதட்டினதோட சரி.

அடுத்தது 1957. கம்பெனி ஒரு கணக்கு போட்டுப் பார்த்தது. பழைய கார்ட்டூனை மறுபடி தியேட்டருக்கு அனுப்பினா, புதுசா ஒன்னு எடுத்து வர்ற வருமானத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் வந்துடுது. அப்போ புதுசு எதுக்கு? ஒரு போன் வந்துச்சு. கார்ட்டூன் ஸ்டூடியோவையே மூடிட்டாங்க. அவங்க பண்ணின தப்பு என்ன? பத்து வருஷம் கழிச்சும் ஜனங்க காசு கொடுத்துப் பார்க்கிற அளவுக்கு நல்லா செஞ்சதுதான்.

எனக்கு இந்தக் கதையில உறுத்துறது இதுதான். அந்தக் கணக்குல கூட்டல் கழித்தல் தப்பில்ல. ஆனா, ஒரு டீம் ஒன்னா உட்கார்ந்து பதினேழு வருஷமா கத்துக்கிட்டது எந்தக் கட்டத்துலயும் வரல. அது அலமாரியில இருக்கிற ரீல் இல்ல, வித்துட்டு அப்புறம் திரும்ப வாங்கிக்கிறதுக்கு.

ஹன்னாவும் பார்பேராவும் அதே வருஷம் சொந்தக் கம்பெனி தொடங்கி டிவிக்குப் போனாங்க. தியேட்டர் கார்ட்டூன் ஒன்னுக்குப் பல பத்தாயிரம் டாலர் செலவான இடத்துல, இங்க அஞ்சு நிமிஷத்துக்குக் கிடைச்சது சுமார் 3,000 டாலர். அதனால உடம்பை அசைக்காம வாயை மட்டும் அசைச்சாங்க. ஒரே பின்னணியைத் திரும்பத் திரும்ப ஓட்டினாங்க. வசனத்தை ஏத்தினாங்க. அப்படித்தான் யோகி கரடியும், 1960ல ஃபிளின்ட்ஸ்டோன்ஸும் வந்தது. நல்லா பிழைச்சாங்க. ஆனா ஏரிக்குள்ள நாணல் தண்டோட டாம் காத்திருக்கிற மாதிரி ஒரு காட்சியை அந்தக் காசுல எடுக்க முடியாது.

எம்.ஜி.எம். கதை இன்னும் சுவாரசியம். சில வருஷத்துலயே அவங்களுக்குப் புது டாம் அண்ட் ஜெர்ரி தேவைப்பட்டுச்சு. முதல்ல ப்ராக் நகரத்துல ஜீன் டைச்சை வெச்சு 13 படம். அப்புறம் சக் ஜோன்ஸை வெச்சு 34 படம். ரெண்டு பேரும் திறமைசாலிங்க, சந்தேகமே இல்ல. ஆனா சின்ன வயசுல டிவி முன்னாடி உட்கார்ந்து, படம் தொடங்குறப்பவே "ஐயோ, இது அந்த டாம் இல்ல"ன்னு நம்மளே கண்டுபிடிச்சோமே, ஞாபகம் இருக்கா?

ஒரு ஹோம்வொர்க். 'டீ ஃபார் டூ'வை ஒரு தடவை சத்தம் இல்லாம பாருங்க. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தை மட்டும் கேளுங்க. ரெண்டு தடவையும் சிரிப்பு எங்க வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.