2,500 அடியும் நம் பிள்ளைகளும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு கதை பரவியது. சிறுவர் துஷ்பிரயோக வழக்கில் சிறையிலிருந்து வந்த ஒருவர் இங்கே வாடகைக்கு வீடு பார்க்கிறாராம். உண்மையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. "டீச்சர், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில இப்படியான ஆக்கள் இருக்கக் கூடாதெண்டு சட்டம் இல்லையா?" என்று ஒரு தாய் கேட்டார்.

இலங்கையில் அப்படியொரு சட்டம் இல்லை. இருக்கிற நாட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1994. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மேகன் என்ற ஏழு வயதுச் சிறுமியை எதிர்வீட்டுக்காரன் கொன்றான். அவன் முன்பே இரண்டு தடவை தண்டனை பெற்றவன் என்பது பெற்றோருக்குத் தெரியாது. ஊர் கொதித்தது. இப்படியானவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று அயலவர்களுக்கு அறிவிக்கும் சட்டம் அதே ஆண்டு வந்தது. 1996இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. பிறகு பல இடங்களில், அறிவித்தால் போதாது, தள்ளி வைக்க வேண்டும் என்றார்கள். 2005இல் மியாமிப் பகுதியில் பாடசாலையிலிருந்து 2,500 அடிக்குள் வசிக்கத் தடை வந்தது.

2,500 அடி என்றால் முக்கால் கிலோமீற்றர். நம் இரத்மலானையில் இந்துக் கல்லூரி, செவிப்புலன் விழிப்புலனற்றோர் பாடசாலை என்று ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டுப் பாருங்கள். காலி வீதியின் இரு பக்கமும் எவ்வளவு மிஞ்சும்? மியாமியிலும் இடம் மிஞ்சவில்லை. நூறு பேர் வரை ஒரு பாலத்துக்குக் கீழே கூடாரம் அடித்து வாழ்ந்தார்கள். 2010இல்தான் அந்த இடம் காலி செய்யப்பட்டது.

சரி, பிள்ளைகள் பாதுகாப்பானார்களா? 2007இல் மினசோட்டா மாநிலச் சிறைத்துறை, மீண்டும் பாலியல் குற்றம் செய்து சிறை சென்ற 224 பேரின் வழக்குகளை ஆராய்ந்தது. தூரச் சட்டத்தால் தடுத்திருக்கக்கூடியது என்று ஒரு வழக்கைக்கூடக் காட்ட முடியவில்லை. பிள்ளைகளைக் கெடுத்தவர்களில் பெரும்பாலோர் பாடசாலை வாசலில் காத்து நின்றவர்கள் அல்லர். வீட்டுப் பெரியவர்களோடு பழகி, அந்த நம்பிக்கையால் உள்ளே வந்தவர்கள்.

நம் நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் சம்மதம் மட்டும்தான் செல்லாது என்றது. அது 16 ஆக உயர 1995 வரை, 112 வருடம், காத்திருந்தோம். 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் வந்தது. அதன் இலக்கம் 1929. சட்டம் இருக்கிறது. முறைப்பாடு செய்யத்தான் ஆள் இல்லை. சாச்சா, மாமா, டியூஷன் மாஸ்டர், ஓதிக்கொடுப்பவர் என்றால் "மானம் போயிடும்" என்று நாமே மூடிவிடுகிறோம்.

வாடகை வீட்டுக்காரரைப் பற்றிப் பேசிய நேரத்தில் பாதியை இன்றிரவு உங்கள் பிள்ளையோடு செலவழியுங்கள். "யார் என்ன செய்தாலும் என்னிடம் சொல்லு, நான் உன்னை ஏச மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் நம்புங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.