ஆள் தெரியாமையும் ஆள்மாறாட்டமும்: ‘அன்பே வா’ படத்தின் வாடகை மாளிகை

எம்.ஜி.ஆர். திரைப்படங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ‘நாடோடி மன்னன்’ (1958), ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965), ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) ஆகிய படங்களையே சுற்றி வருகின்றன. அரசியலுக்கு இடம் தரும் படங்களே ஆய்வுக்கும் இடம் தரும் என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். 1966 பொங்கலுக்கு வெளிவந்த ‘அன்பே வா’ அவ்வாறு நோக்கப்படவில்லை. ஏ.வி.எம். நிறுவனம் எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த ஒரே படம். அந்நிறுவனத்தின் முதல் வண்ணப்படம். ‘கம் செப்டம்பர்’ என்னும் ஆங்கிலப் படத்தின் தழுவல். இச்செய்திகளைக் கூறிய அளவில் திரைப்பட வரலாறுகள் அமைந்துவிடுகின்றன. தழுவும்போது எது கொள்ளப்பட்டது, எது தள்ளப்பட்டது, ஏன் என்ற வினா எழுப்பப்படவில்லை. அவ்வினாவை எழுப்பி, விடுதி விருந்தினரிடையே ஆள் தெரியாமல் விளையும் குழப்பத்தை நகைப்பாக்கும் மரபு தமிழ்த் திரையில் என்ன உருமாற்றம் பெற்றது என்பதைக் காண முயல்கிறது இக்கட்டுரை.

வீட்டை விடுதியாகவோ விடுதியை வீடாகவோ மயங்கும் கதை மேலை நாடகத்தில் பழமையானது. சேக்சுபியரின் ‘தவறுகளால் நேர்ந்த இன்பியல்’ நாடகத்தில் வெளியூரிலிருந்து வந்த இரட்டையருள் ஒருவன் விடுதியில் தங்குகிறான். அவனைக் கண்ட ஊரார் அவ்வூரில் வாழும் மற்றொருவனாக மயங்குகின்றனர். ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1773இல் அரங்கேற்றிய நாடகத்திலோ, பெண் பார்க்க வந்த இளைஞன் மணமகளின் வீட்டையே விடுதி என்று எண்ணி, வருங்கால மாமனாரை விடுதிக்காரராக நடத்துகிறான். இவ்விரண்டிலும் ஏமாறுபவர் வேண்டுமென்று ஏமாற்றுவதில்லை. தாமே அறியாமையில் உழல்கின்றனர். (இரண்டாம் நாடகத்தில் குறும்பன் ஒருவன் வழிமாற்றிச் சொல்லிவிடுவது வேறு.)

தமிழில் இதற்குரிய இலக்கணம் புதிதாகத் தேட வேண்டியதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் களன்களாக நான்கைக் கூறும்போது பேதைமையையும் மடனையும் தனித்தனியே வைக்கிறது. பேதைமையை அறிவின்மை என்று உரைக்கும் மரபு, மடனைக் கேட்டதை உய்த்துணராமல் மெய்யென்று ஏற்றுக்கொள்ளும் இயல்பாகப் பிரித்துணர்த்துகிறது. ஆள் தெரியாமையால் பிறக்கும் நகைப்பு முழுவதும் இந்த மடனின்பாற்படும். இதே மடன் அவலத்திற்கும் வித்தாகும் என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன் ஆராயாமல் கோவலனைக் கள்வனாகக் கொண்டான். வெளியூரிலிருந்து வந்து மாதரியின் மனையில் அடைக்கலமாகத் தங்கியிருந்தவனை இன்னான் என்று கூறவல்ல சுற்றம் மதுரையில் இல்லை. வந்தவன் யார் என்பதை ஊர் அறியாத நிலை இரண்டிற்கும் பொது, முடிவுதான் வேறு.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சி தேவைப்படுகிறது. ‘ஹோட்டல்’ என்னும் சொல் தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் முதலில் உணவகத்தையே குறிக்கும். தங்குமிடத்திற்கு ‘லாட்ஜ்’ என்றொரு சொல் தனியே வழங்குகிறது. அதற்கு முந்தைய தங்குமிடம் சத்திரம். தஞ்சை மராட்டியர் காலத்தில் எழுந்த ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் போன்றவை வழிப்போக்கர்க்கு விலையின்றி உணவளித்தன. பந்தியில் சாதி பார்க்கப்பட்டது, வாடகை கேட்கப்படவில்லை. பணம் கொடுத்தவர் எவராயினும் தங்கலாம் என்ற நிலையில்தான் விடுதி நகைச்சுவை பிறக்கும். எனவே அக்கதை தமிழ்ப் படத்திற்குள் வந்தபோது விடுதியாக வராமல் வாடகைக்கு விடப்பட்ட மாளிகையாக வந்தது இயல்பே.

‘கம் செப்டம்பர்’ (1961) இராபர்ட் முல்லிகன் இயக்கியது. இத்தாலியக் கடற்கரையில் மாளிகை வைத்திருக்கும் அமெரிக்கச் செல்வர் ஆண்டுதோறும் செப்டம்பரில் மட்டும் அங்கு வருவார். எஞ்சிய மாதங்களில் மாளிகையைக் காக்கும் பணியாளன் அதை விடுதியாக்கிப் பொருளீட்டுகிறான். ஓராண்டு அவர் சூலையிலேயே வந்துவிடுகிறார். பணியாளனோ, வந்திருப்பவர் மனம் பேதலித்தவர் என்றும், இம்மாளிகை இன்னும் தமக்கே உரியது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றும் விருந்தினரை நம்பவைக்கிறான். உரிமையாளர் உண்மையைச் சொல்லச் சொல்ல அவர்மேல் இரக்கம் பெருகுகிறது. நகைப்பின் உச்சம் இதுவே.

ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய தமிழ்ப் படத்தில் செல்வர் ஜே.பி. ஓய்வு நாடிச் சிம்லாவில் உள்ள தம் மாளிகைக்கு வருகிறார். காவலாளியாக வரும் நாகேஷ் அதனை ஒரு குடும்பத்திற்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஜே.பி. சினந்து எவரையும் வெளியேற்றவில்லை. பாலு என்று பெயர் சொல்லி, தம் மாளிகையிலேயே வாடகை கொடுத்துத் தங்குகிறார். அக்குடும்பத்துப் பெண் கீதாவோடு (சரோஜாதேவி) பூசலும் காதலும் தொடர்கின்றன. ஆங்கிலப் படத்தில் உரிமையாளர்மேல் பணியாளன் சுமத்திய பொய் அடையாளத்தைத் தமிழில் உரிமையாளர் தாமே ஏற்கிறார். ஆள் தெரியாமை ஆள்மாறாட்டமாக மாறிவிடுகிறது. படத்தின் பிற மாற்றங்கள் யாவும் இதன் விளைவுகளே என்பது என் கருத்து.

இம்மாற்றத்திற்குரிய காரணத்தை நாயகரிடத்தே தேட வேண்டும். தம் வீட்டிலேயே பித்தர் என்று பரிகசிக்கப்படும் எம்.ஜி.ஆரை 1966ஆம் ஆண்டின் திரையரங்கு ஏற்றிருக்குமா என்பது ஐயமே. மடனுக்கு ஆளாகும் எம்.ஜி.ஆர். அதற்கு முந்தைய ஆண்டு பொங்கலில் திரைக்கு வந்ததுண்டு. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் சவுக்கடிக்கு அஞ்சி ஒடுங்கும் இராமுவும் அவரே; சவுக்கைப் பறித்து ஓங்கும் இளங்கோவும் அவரே. என்.டி. இராமராவ் நடித்த ‘ராமுடு பீமுடு’ (1964) என்னும் தெலுங்குப் படத்தின் மறுவாக்கமான அதனை, மூலத்தை இயக்கிய தாபி சாணக்கியாவே தமிழிலும் இயக்கினார். அங்குக் கோழையைக் கண்டு சிரிக்கலாம். சிரிப்புக்கு ஈடுசெய்ய வீரன் உடன் இருக்கிறான். ‘அன்பே வா’வில் இரண்டாம் உடல் இல்லை. ஆகவே ஏமாறும் பொறுப்பு கீதாவுக்கும் அவள் குடும்பத்தாருக்கும் போய்ச் சேர்கிறது. நாயகர் பார்வையாளரோடு சேர்ந்து உண்மையை அறிந்தவராக நின்றுவிடுகிறார்.

இதனால் கேலிக்கூத்து மெலிந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எல்லாம் அறிந்தவர் நடுவில் நிற்கும்போது கதவுகள் திறந்து மூடும் பரபரப்பு குறையும். அந்த இடத்தைப் பாடல்களும், கல்லூரி மாணவர் கூட்டத்தோடு நிகழும் எதிர்ப்பாட்டும், மற்போரும் நிரப்புகின்றன. எனினும் ஒரு பேறும் உண்டு. ஏழைகளின் தோழராக வளர்ந்த நடிகர் இங்குப் பெருஞ்செல்வர். செல்வத்தைத் துறக்காமலே வாடகைதாரராகவும் உழைத்துப் பிழைப்பவராகவும் கருதப்பட ஆள்மாறாட்டம் அவருக்கு வழிவிடுகிறது. கீதா விரும்புவது பாலுவை. அரங்கமோ இருவரையும் ஒருங்கே பெறுகிறது. மறு ஆண்டு, 1967இல், தி.மு.க. ஆட்சியமைத்தது, எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். படத்திற்கும் தேர்தலுக்கும் நேர்க்கோடு இழுப்பது மிகையாகும். ஆனால் அரசியல் அற்றது என்று ஒதுக்கப்பட்ட கேளிக்கைப் படத்தில் அப்பிம்பம் எவ்வாறு காக்கப்பட்டது என்பது ஆய்வுக்குரியதன்றோ?

ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கு வேலையிழந்த இளைஞன் (புதுமுகம் இரவிச்சந்திரன்) தன்னைக் கோடீசுவரரின் மகன் என்கிறான். நண்பன் முத்துராமன் முதியவர் வேடம் பூண்டு தந்தையாகிறான். செல்வம் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் நம்பிவிடும் டி.எஸ். பாலையா மடனின் முழு இலக்கணம். பொய் கீழிருந்து மேலே செல்கிறது. எந்த நேரமும் வெளிப்படலாம் என்ற அச்சமே நகைப்பை வளர்க்கிறது. ‘அன்பே வா’வில் பொய் மேலிருந்து கீழே இறங்குகிறது, வெளிப்பட்டால் பொய்யுரைத்தவருக்கு இழப்பெதுவும் இல்லை. அச்சத்திற்குரியவன் காவலாளி ஒருவனே. பிழைப்பே போய்விடும் நிலையில் இருப்பவனைச் சுற்றியே கேலிக்கூத்தின் உண்மையான பதற்றம் அமையும் என்பதால்தான் படத்தின் நகைச்சுவை நாகேஷிடம் ஒதுங்கி நிற்கிறது. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ 1941இல் படமானபோது முதலாளியும் பணியாளும் ஒரே பெயருடையவர். பேதைமையிலும் ஏறத்தாழ ஒத்தவர். அப்படத்து முதலாளி டி.ஆர். இராமச்சந்திரன் கால் நூற்றாண்டுக்குப் பின் ‘அன்பே வா’விலும் நடித்துள்ளார். முதலாளியைக் கண்டு சிரிக்கும் உரிமை இடைப்பட்ட காலத்தில் சுருங்கியதை இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்போர் உணரலாம்.

விடுதி அறையே களமாகும் நிலை ‘பஞ்சதந்திரம்’ (2002) போன்ற படங்களில் வந்தது. கே.எஸ். இரவிக்குமார் இயக்க, கிரேசி மோகன் உரையாடல் எழுதிய அப்படத்தில் ஐந்து நண்பர்கள் பெங்களூரில் ஓர் அறையில் சிக்கிக்கொள்கின்றனர். இறந்தவள் என்று நம்பிய பெண் இறக்கவில்லை. ரெட்டி, நாயர், ஹெக்டே என்று அவரவர் மொழியே அடையாளமாக ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒருவரை மற்றொருவராக மயங்க வழியில்லை; உயிரோடிருப்பவரைப் பிணமாக மயங்கும் வழியே எஞ்சுகிறது. ஐதராபாத்தின் கொண்டாப்பூர் போன்ற தகவல் தொழில்நுட்பப் பகுதிகளில் இன்று குறுகிய காலத்திற்கு அறை எடுப்பவர் அடையாள அட்டையைக் காட்டிய பின்னரே சாவியைப் பெறுகிறார். பாலு என்று வாயால் பெயர் சொல்லி ஜே.பி. அங்கு உள்ளே நுழைந்திருக்க முடியாது.