மலாயாவின் குணப்பட்டியல்

ஓர் இனத்தாரைப் பற்றிய தப்பெண்ணம் அறியாமையில் பிறக்கிறது, அறிவு வளர வளரத் தானாகத் தேய்ந்துவிடும் என்று பலரும் நம்புகின்றனர். ஆனால் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த மலாயாவின் வரலாறு இந்த நம்பிக்கைக்கு இடம் தருவதாக இல்லை. மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் உழைப்பாளி என்றாலும் நம்பத்தகாதவர், தமிழர் அடங்கி நடப்பவர் என்னும் மூவகைக் குணப்பட்டியல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே நிலைபெற்றது. அதை எழுதியவர்களோ, மலாய் மொழியைப் பழுதறக் கற்று, ஆறுகளிலும் காடுகளிலும் ஊர் ஊராகச் சுற்றி, ஆண்டுக்கணக்கில் அம்மக்களிடையே வாழ்ந்த அதிகாரிகளும் தோட்ட நிர்வாகிகளும் ஆவர். பட்டியலைப் பொய்யாக்கும் சான்றுகள் அவர்கள் கண்முன்னேயே இருந்தன. ஆகவே அது எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும், அத்தனை சான்றுகளுக்கு நடுவே எதைப் பற்றிக்கொண்டு உயிர்வாழ்ந்தது என்பதே ஆராயத்தக்கது.

'கெலிங்' என்ற ஒரு சொல்லின் கதையே இதற்கு நல்ல தொடக்கமாகும். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இச்சொல், மலாய் உலகில் தென்னிந்தியரைக் குறிக்க நெடுங்காலம் வழங்கியது. ஹிக்காயத் ஹங் துவா என்னும் மலாய்க் காவியத்தில் 'கெலிங் நாடு' என்பது மலாக்காவின் வீரன் தூது செல்லும் செல்வச் செழிப்பான தேசமாகும். மலாக்காவில் 1748இல் எழுந்த பள்ளிவாசல் கம்போங் கெலிங் என்றும், பினாங்கில் 1801இல் நிறுவப்பட்டது கப்பித்தான் கெலிங் என்றும் அழைக்கப்பட்டபோது, வணிகரையும் அவர்தம் தலைவரையும் குறித்த அப்பெயரில் இழிவு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. கப்பலின் மேல்தளத்தில் சரக்கோடு வந்தவனைக் குறித்த அதே பெயர், அடித்தளத்தில் கூலியாக ஏற்றி வரப்பட்டவனுக்கும் ஆன பிறகே வசைச்சொல்லாகக் கீழிறங்கியது. வேலைக்குத் தரும் ஊதியத்தைக் குறிக்கும் 'கூலி' என்ற தமிழ்ச் சொல்லும் இதே வழியில்தான், உலகின் பல துறைமுகங்களில் ஒரு மனிதக் கூட்டத்தின் பெயராகிப் பின் ஏச்சாகவும் ஆனது எனக் கருதப்படுகிறது.

மக்களை இனவாரியாகப் பிரித்து வைக்கும் வழக்கத்துக்கு ஆட்சியாளர் முதலில் தெருக்களில் வடிவம் கொடுத்தனர். சிங்கப்பூருக்காக 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், ஐரோப்பியர், சீனர், சூலியா எனப்பட்ட தென்னிந்தியர், அரபியர், பூகிஸ் மக்கள் ஆகியோருக்குத் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்கியது. அடுத்து வந்தது மக்கள்தொகைக் கணக்கு. சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் 1871, 1881 ஆண்டுக் கணக்குகளில் மக்கட் பிரிவுகள் அகரவரிசையில் நீண்டு கிடந்தன. அச்சினீசியரும் பூகிஸ்களும் ஜாவானியரும் தமிழரும் தனித்தனியே நின்றனர். 1891இல் அந்த நீண்ட வரிசை ஐரோப்பியர், யுரேசியர், சீனர், மலாய்க்காரர், தமிழரும் பிற இந்தியரும், ஏனையோர் என்ற சில பெருந்தலைப்புகளின் கீழ்ச் சுருக்கப்பட்டது. 'இனம்' என்பதைக் கறாரான அறிவியற் பொருளில் வரையறுக்க இயலாது என்றும், பிறப்பிடம், உறவுமுறை, அரசியல் சார்பு ஆகியவற்றை நடைமுறை வசதிக்காகக் கலந்த கலவையே அது என்றும் 1931ஆம் ஆண்டுக் கணக்கின் பொறுப்பாளரே தம் அறிக்கையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒப்புக்கொண்ட பின்னும் அட்டவணை மாறவில்லை. அதை நம்பி நிலச்சட்டமும் கூலி விகிதமும் பள்ளிக்கூடமும் வகுக்கப்பட்டாயிற்று.

சோம்பேறி மலாய்க்காரன் என்ற உருவத்துக்கு அதிகாரப்பூர்வமான முத்திரை குத்தியவர்களில் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹம் முதன்மையானவர். மலாய் அரசுகளின் முதல் தலைமை ரெசிடெண்டாகவும் பின்னர் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராகவும் இருந்த இவர், எந்தத் தட்டைச் சேர்ந்த மலாய்க்காரருக்கும் பொதுவான குணம் வேலையில் நாட்டமின்மையே என்று தம் நூலில் எழுதினார். நெல் விளைத்து, மீன் பிடித்து, படகு கட்டி வாழ்ந்த மக்களைப் பற்றி இவ்வாறு எழுத முடிந்ததன் மர்மத்தை சையது ஹுசைன் அலத்தாஸ் என்ற மலேசியச் சமூகவியலாளர் 1977இல் வெளியிட்ட 'சோம்பேறி உள்நாட்டவன் என்னும் கட்டுக்கதை' என்ற ஆய்வில் அவிழ்த்துக் காட்டினார். அவரது வாதத்தின் சாரம் எளியது: சொந்த நிலமும் ஆறும் கடலும் உள்ளவன் பிறர் சுரங்கத்திலும் தோட்டத்திலும் அற்பக் கூலிக்கு உழைக்க மறுத்தான், அந்த மறுப்புக்கு முதலாளியின் அகராதியில் சோம்பல் என்று பெயர்.

ரப்பரின் கதை இதை இன்னும் துலக்கமாகக் காட்டும். தாவரவியலாளர் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டுமுறையைக் கண்டறிந்து பரப்பினார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ரப்பர் விலை ஏறியபோது, சோம்பேறி என்று பெயரெடுத்த மலாய்க் குடியானவர் தம் துண்டு நிலங்களில் தாமே ரப்பர் கன்றுகளை நட்டு, குடும்பத்தோடு பால் வெட்டி, பெருந்தோட்டங்களைவிட மலிவாக விளைவித்தனர். அரசு இதைப் பாராட்டியதாகத் தெரியவில்லை. நெல் நிலத்தை வேறு பயிருக்கு மாற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1917இல் வந்தது. 1922 முதல் 1928 வரை நடப்பிலிருந்த ஸ்டீவன்சன் திட்டம், அதாவது விலையைத் தாங்கிப் பிடிக்க ஒவ்வொருவரும் எவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு கட்டிய ஏற்பாடு, பெருந்தோட்டங்களுக்குத் தாராளமாகவும் சிறு உடைமையாளருக்குக் கஞ்சத்தனமாகவும் அளந்தது. கல்வியிலும் இதே மனப்போக்குதான்: மீனவர் மகனைத் தந்தையைவிடச் சற்றுக் கூடுதல் அறிவுள்ள மீனவனாகவும், உழவர் மகனை அவ்வாறே உழவனாகவும் ஆக்குவதே மலாய்ப் பள்ளிகளின் நோக்கம் என்று மூத்த அதிகாரி ஒருவர் 1920களில் வெளிப்படையாகவே கூறினார். வயலில் கட்டிப்போட்டுவிட்டு, வயலை விட்டு நகரமாட்டான் என்று குறை சொல்வது இதுவன்றி வேறென்ன?

தமிழரின் 'அடக்கம்' இதைவிடத் திட்டமிட்டு விளைவிக்கப்பட்ட பயிர். தோட்டத் துரைமார் தென்னிந்தியரை நாடியதற்கு, அவர்கள் பிரிட்டிஷ் குடிகள் என்பதோடு, தாழ்த்தப்பட்ட சாதியினர் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்ற கணிப்பும் காரணமாக இருந்தது. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் தலைமுறைக் கடனும் பண்ணையடிமைத்தனமும் முதுகில் ஏற்றிய பணிவை அவர்கள் இரத்தத்தில் ஊறிய இயல்பாகக் கொண்டனர். சாதியின் சுமையை இனத்தின் குணமாகப் பெயர்த்தெழுதிய இந்த வேலைக்கு ஊர் மிராசுதாரின் மொழியும் துணைநின்றது என்பதைத் தமிழர் மறந்துவிடலாகாது. குறித்த ஆண்டுகளுக்குக் கட்டுண்டு உழைக்கும் சஞ்சிக்கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்ட பின் கங்காணி முறை முழுமையாக அந்த இடத்தைப் பிடித்தது. தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரே கங்காணியாகத் தம் ஊருக்குத் திரும்பி, முன்பணம் கொடுத்து, உற்றார் உறவினரையும் ஊராரையும் அழைத்துவருவார். நாள்தோறும் வேலைக்கு வரும் ஆளொன்றுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு கிடைக்கும். கடன் கொடுத்தவரும் உறவினரும் மேற்பார்வையாளரும் ஒரே ஆளாக இருக்கும்போது எதிர்த்துப் பேசுவது எளிதன்று.

விடிவதற்கு முன் தப்பு முழங்கும். லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் பிரட்டுக்களத்தில் வந்து வரிசையில் நிற்பர், கிராணி எனப்பட்ட எழுத்தர் பேர் கூப்பிட்டுப் பதிவார். இளங்குளிர் நீங்குமுன் வெட்டினால்தான் பால் நன்கு வடியும் என்பதால், ஒவ்வொருவரும் இருட்டிலேயே தம் நிரைக்குச் சென்று நூற்றுக்கணக்கான மரங்களை அடுத்தடுத்து வெட்டியாக வேண்டும். முந்தைய வெட்டின் ஓரத்தை ஒட்டிப் பட்டையை இழை போலச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, மயிரிழை கூடினால் உட்பட்டை காயம்பட்டு அந்த இடம் முடிச்சிட்டு மரம் பாழாகும். கையும் கண்ணும் இத்தனை நுட்பமாகப் பழகிய இந்தத் தொழிலைத் தோட்டக் கணக்குகள் 'திறன் வேண்டாத வேலை' என்ற பத்தியிலேயே எழுதி வந்தன. அதே பால்மரத்தை வெட்டிய சீனத் தொழிலாளிக்குக் கூடுதல் கூலி தரப்பட்டது. தமிழனின் தேவைகள் குறைவு, கொஞ்சம் கிடைத்தாலே போதும் என்பான் என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. உண்மையில் சீனர் குத்தகைக் குழுக்களாகச் சேர்ந்து பேரம் பேசினர், கூலி பிடிக்காவிட்டால் வேறிடம் பெயர்ந்தனர். தோட்டத்து லயத்தில் குடும்பத்தோடு அடைபட்டவருக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை உரிமத்தோடு நடந்தது, பின்னர் தமிழன் குடிகாரன் என்று பேச்சு எழுந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி அபினியிலிருந்தே வந்தது, சீனனும் அபினிப் பித்தன் எனப்பட்டான். பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் விதித்தபோதிலும், பல தோட்டங்களில் கொட்டகை ஒன்றில் சில வகுப்புகளோடு அது நின்றுபோனது. அப்பிள்ளைகள் வளர்ந்து பால் வெட்டவே போனது படிப்பில் நாட்டமின்மைக்குச் சான்றாயிற்று.

இந்தப் பட்டியலுக்கு வந்த பெரும் சோதனை 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தங்கள். சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவர்களைத் திரட்டியவர்களுள் முதன்மையானவர் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். சீனருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் மேலாளர்கள் தகாத முறையில் நடப்பதற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகிய கோரிக்கைகளோடு, துரையையோ கிராணியையோ எதிர்ப்படும்போது சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமையும் கேட்கப்பட்டது. கூலிக் கணக்கில் ஒரு காசும் கூட்டாத இந்தக் கடைசிக் கோரிக்கை மற்றெல்லாவற்றையும் விட ஆட்சியை வெகுண்டெழச் செய்திருக்கக் கூடும். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

அடங்கி நடப்பவர் என்ற சித்திரம் இங்கே உடைந்திருக்க வேண்டும். ஆனால் தோட்ட நிர்வாகிகளுக்கும் அதிகாரிகளுக்கும் ஆயத்தமான விடை ஒன்று இருந்தது: தமிழ்த் தொழிலாளி இயல்பில் சாதுவானவன், வெளியிலிருந்து வந்த கிளர்ச்சிக்காரர்கள் அவனைக் கெடுத்துவிட்டனர். எதிர்ச்சான்று வந்ததும் அதை விதிவிலக்கின் கணக்கில் எழுதிவிட்டு விதியைக் காப்பாற்றிக்கொள்ளும் இந்த உத்தியே தப்பெண்ணத்தின் முதுகெலும்பு எனலாம். இரண்டே ஆண்டுகளில், உலகப் போரின் நடுவே 1943இல், இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் ரப்பர்த் தோட்டப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். போருக்குப் பின் மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949இல் தூக்கிலிடப்பட்டார். அடக்கம் என்ற பழைய சொல்லின் பக்கத்தில் கலகக்காரன் என்ற புதிய சொல்லும் எழுதப்பட்டது. ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு சொற்களும் ஒரே ஏட்டில் உறுத்தலின்றி உடனிருந்தன.

ஆட்சியாளர் போன பின்னும் பட்டியல் நிலைத்ததற்குக் காரணம், அதில் எழுதப்பட்டவர்களே அதை எடுத்துக்கொண்டதுதான். மலாய் அரசியல்வாதியான மகாதீர் முகமது 1970இல் வெளியிட்ட 'மலாய்க்காரரின் இக்கட்டு' என்ற நூலும், ஆளுங்கட்சி சார்பில் அடுத்த ஆண்டு வந்த 'மனப் புரட்சி' என்ற தொகுப்பும் மலாய்க்காரரை உயர்த்தும் நோக்கத்தோடுதான் எழுதப்பட்டன. எனினும் பரம்பரையிலும் மனப்பாங்கிலும் குறை தேடிய அவற்றின் பக்கங்களில் குடியேற்ற ஆட்சியின் குரலே மறுபடி ஒலிக்கிறது என்று அலத்தாஸ் கடுமையாகச் சாடினார். தமிழரிடையேயும் இது நிகழ்ந்தது. எழுத்து வேலைக்கும் ரயில்வேக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர், தோட்டத்துத் தமிழரைத் துரையின் கண்ணாலேயே பார்க்கப் பழகினர். இலங்கை மலையகத்தாருக்கு வழங்கிய 'தோட்டக்காட்டான்' என்ற ஏச்சு தமிழர் வாயிலிருந்தே வந்த தமிழ்ச் சொல்.

இன அடையாளத்துக்கும் தொழிலுக்கும் உள்ள முடிச்சை அவிழ்ப்பதைத் தன் குறிக்கோள்களில் ஒன்றாகவே மலேசியாவின் 1971ஆம் ஆண்டுப் புதிய பொருளாதாரக் கொள்கை அறிவித்தது. ஆயினும் அதன் சலுகைகளும் இனவாரியாகவே அளக்கப்பட்டன. பிந்தைய பத்தாண்டுகளில் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாற, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நகர விளிம்புகளில் குடியேறின. அங்கே அவர்களுடைய பிள்ளைகளுக்குக் 'குண்டர் கும்பல்' என்ற அடுத்த பெயர் காத்திருந்தது. மலேசியப் படிவங்கள் பலவற்றில் இனத்துக்கான கட்டம் இன்றும் மலாய், சீனர், இந்தியர், ஏனையோர் என்றே பிரிந்து கிடக்கிறது. சிங்கப்பூர் அடையாள அட்டையிலும் இனம் பதிவாகிறது. கலப்பு மணத்துப் பிள்ளைகள் 2011 முதல் இரண்டு இனங்களை நடுவே கோடிட்டு எழுதிக்கொள்ளலாம். அரசுக் குடியிருப்புகளின் இன விகிதக் கணக்குக்கு மட்டும், கோட்டுக்கு முன்னால் உள்ள இனமே எடுத்துக்கொள்ளப்படுகிறது.