பெங்களூரின் வீரகல்லும் கோட்டைப் பலகையும்

ஒரு வரலாற்று இடத்தில் நடந்ததை அங்கேயே நின்று வருவோருக்குச் சொல்லும் விளக்கப் பலகை அண்மைக்கால ஏற்பாடாகக் கருதப்பட்டாலும், பெங்களூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அப்பணியைச் செய்தவை, தமிழில் நடுகல் என்றும் கன்னடத்தில் வீரகல் என்றும் வழங்கும் நினைவுக்கற்களே. அவற்றுள் பலவற்றில், கீழடுக்கில் போரும், நடுவே வீரனை அரம்பையர் வானுலகுக்கு அழைத்துச் செல்வதும், மேலே அவன் இலிங்கத்தின் முன் இருப்பதும் செதுக்கப்பட்டிருக்கும். எழுத்தறியாதவரும் கீழிருந்து மேலாகப் படித்துவிடத்தக்க இவ்வடுக்குமுறைக்கு ஈடான தெளிவு இன்றைய பலகைகளில் அரிது. பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த கல்வெட்டு பெங்களூர்ப் போரில் மடிந்த ஒருவனைக் குறிப்பதால், ஊர்ப்பெயருக்குரிய மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாகவும் அது விளங்குகிறது.

இறந்தவனை முன்னிறுத்திய இம்மரபுக்கு நேர்மாறானது பெங்களூர்க் கோட்டைச் சுவரில் ஆங்கிலேயர் பதித்த பலகை. 1791 மார்ச் 21 அன்று ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிசின் படை மதிலை உடைத்து உட்புகுந்த இடத்தை அது நாளுடன் குறிக்கிறதேயன்றி, கோட்டையைக் காத்து அன்றிரவு உயிர்விட்ட கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர், பகதூர் கானின் பெயரை உரைக்கவில்லை. அம்முற்றுகையில் மாண்ட ஆங்கிலேயருக்கு எழுப்பப்பட்டிருந்த நினைவுத்தூண் 1964-இல் அகற்றப்பட்டது. அதன் பெயரைத் தாங்கிய சாலையும் நிருபதுங்கர் சாலையாயிற்று. விடுதலை பெற்ற நாட்டில் அயலாட்சியின் சின்னத்தை அகற்றும் உணர்வு இயல்பானதே. ஆயினும் தூணை நிறுத்திவைத்து, அதனருகே பகதூர் கானுக்கும் அவருடன் வீழ்ந்தோருக்கும் ஒரு கல் நட்டிருந்தால் இரு தரப்பின் சாவும் ஒருங்கே படிக்கக் கிடைத்திருக்கும்.

தொல்லியல் துறை நாட்டும் காப்பு அறிவிப்போ 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சின்னத்தைச் சிதைப்போருக்குரிய தண்டனையை எடுத்துரைப்பது. காவலுக்கு அது தேவையே என்றாலும், காக்கப்படுவது எதுவென்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

இக்குறை தமிழருக்கு நெருக்கமாகத் தெரியும் இடம் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயில். அங்குள்ள இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளை, பெங்களூரிலேயே பிறந்த பெஞ்சமின் லூயி ரைஸ், கர்நாடகக் கல்வெட்டுத் தொகுப்பின் 1905-இல் வெளிவந்த ஒன்பதாம் தொகுதியில் பதிப்பித்தார். ஆனால் எழுத்தின் வடிவம் மாறிவிட்டமையால், இன்று தமிழ் படிக்கத் தெரிந்தவரும் அச்சுவரின் முன் எழுத்தறியாதவராகவே நிற்கிறார். அங்கு வேண்டுவது கோயிலின் பழமையைப் புகழும் பலகையன்று. கொடுத்தவர் யார், கொடுத்தது எது என்பதை அக்கல்வெட்டு வாசகத்திலிருந்தே எடுத்து, இன்றைய கன்னடத்திலும் தமிழிலும் நான்கே வரியில், அந்தக் கல்லின் பக்கத்திலேயே கண்மட்டத்தில் வைக்கும் பலகை.