மதுரையைச் சுற்றி மலையேறலாம் வாங்க: கல்வெட்டுகள் வழியே ஒரு நடை

மதுரை என்றதும் மீனாட்சி அம்மன் கோயில், மல்லிகைப்பூ, ஜிகர்தண்டா எல்லாம் நினைவுக்கு வரும். மலை மட்டும் வராது. மலை ஏற வேண்டும் என்றால் கொடைக்கானலுக்கு பஸ் பிடிப்பதுதான் நம்மூர் வழக்கம். ஆனால் ஊரைச் சுற்றி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்ளேயே, காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்கிற தூரத்தில், அருமையான மலைப் பாதைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டாயிரம் வருட வரலாற்றுக்குள் போகும் பாதை. எந்த மலையில் என்ன இருக்கிறது, அந்த மலைகள் எப்படித் தப்பிப் பிழைத்திருக்கின்றன என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். இந்த மலைகளில் இயற்கையான குகைத்தளங்கள் உண்டு. அவற்றின் தரையில் ஆள் படுக்கும் நீளத்துக்குப் பாறையை வழவழப்பாகச் செதுக்கி, தலைப்பக்கம் தலையணை போல மேடாக விட்டிருப்பார்கள். குகை வாசலுக்கு மேலே நெடுக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டிவிடும். ஊர்க்காரர்களிடம் கேட்டால் "பஞ்சபாண்டவர் படுக்கை" என்பார்கள். வனவாசத்தில் பாண்டவர்கள் படுத்த இடமாம்! உண்மையில் இவை சமணத் துறவிகளுக்காக அமைக்கப்பட்டவை. அதைச் சொல்வது பக்கத்திலேயே இருக்கும் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள். சமணர் வாழ்ந்த மதுரை மலைகளை 'எண்பெருங்குன்றம்' என்று பழைய நூல்கள் குறிப்பிடுகின்றன.

மாங்குளம்: அரசன் பெயர் சொல்லும் மலை

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ப் பக்கம் மீனாட்சிபுரம் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது இந்த மலை. ஓவாமலை என்றும் கழுகுமலை என்றும் சொல்வார்கள். (கோவில்பட்டி பக்கம் இருக்கும் கழுகுமலை வேறு.) ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1882இல் இங்குள்ள கல்வெட்டுகளை முதன்முதலில் கண்டு எழுதினார். ஆனால் அதில் இருப்பது என்ன மொழி என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1924இல் கே.வி.சுப்பிரமணிய ஐயர், இவை தமிழ்தான் என்று எடுத்துக்காட்டினார். 1965இல் ஐராவதம் மகாதேவன் இங்கே 'நெடுஞ்செழியன்' என்ற பாண்டியன் பெயரைப் படித்தார். சங்க இலக்கியத்தில் மட்டுமே கேள்விப்பட்ட ஒரு பெயர் பாறையில் கிடைத்தது என்றால் சும்மாவா? கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்று இதற்கு அவர் காலம் கணித்தார்.

நெடுஞ்செழியனின் பணியாளரான கடலன் வழுதி என்பவர், கணிநந்தன் என்ற துறவிக்கு இந்தப் பள்ளியை அமைத்துக் கொடுத்திருக்கிறார். இன்னொரு கல்வெட்டில் 'வெள்ளறை நிகமம்' வருகிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. ஆக, அரச குடும்பமும் வியாபாரிகளும் சேர்ந்து செய்த தர்மம் இது.

அழகர்மலை: கடைவீதியே வந்த மாதிரி

அழகர்கோயிலுக்கு எல்லோரும் போகிறோம். அதே மலைத்தொடரில் கிடாரிப்பட்டி பக்கமாக ஏறினால் ஒரு பெரிய குகைத்தளம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கல்வெட்டுகள் இங்கேதான். காரணம், இதில் ராஜா இல்லை. உப்பு வணிகன், பணித வணிகன் (வெல்லம் விற்பவர்), கொழு வணிகன் (ஏர்க்கொழு விற்பவர்), அறுவை வணிகன் (துணி விற்பவர்), மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லன் என்று வரிசையாகப் பெயர்கள். ஊரின் பெயரை 'மதிரை' என்று வெட்டியிருக்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உப்பு விற்றவர், துணி விற்றவர் எல்லாம் தங்கள் பெயரும் தொழிலும் கல்லில் நிற்கட்டும் என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு துறவிக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஊர் வேறு, மலை வேறு என்று அவர்கள் நினைக்கவில்லை. ஊரின் ஒரு பகுதியாகத்தான் மலை இருந்தது.

முத்துப்பட்டியும் கொங்கர் புளியங்குளமும்

இனி ஊருக்கு மேற்கே போவோம். சமணர்மலைத் தொடரின் ஒரு பகுதி முத்துப்பட்டி பெருமாள்மலை. இங்கே ஒரு கல்வெட்டில் 'முசிறி' என்ற பெயர் வருகிறது. சேரநாட்டுத் துறைமுகமான முசிறியின் பெயர் மதுரை மலையில்! பெரிய ஏற்றம் எல்லாம் கிடையாது. புதிதாக நடப்பவர்களுக்கு ஏற்ற இடம்.

தேனி சாலையில் செக்கானூரணிக்கு அருகே கொங்கர் புளியங்குளம். ஐம்பதுக்கும் மேற்பட்ட படுக்கைகள், மூன்று தமிழ் பிராமிக் கல்வெட்டுகள். ஒன்றில் பாகனூரைச் சேர்ந்த ஒருவர் பொன் கொடுத்தது தெரிகிறது. மற்றவை குகை முன்னே கூரை அமைத்துக் கொடுத்ததைச் சொல்வதாக அறிஞர்கள் படிக்கிறார்கள்.

சமணர்மலை: கதை ஒன்று, கல் சொல்வது வேறொன்று

முதன்முதலாகப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு கீழக்குயில்குடி சமணர்மலைதான். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக்குளம், ஆலமர நிழல். ஏறுவதற்குப் படிகள் உண்டு. பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்க்கலாம். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அங்கே குகை வாசலில் பெரிய அளவில் செதுக்கிய தீர்த்தங்கரரை, நீண்ட காதுகளைப் பார்த்து "செட்டியார்" என்றே ஊரில் முடிவு செய்துவிட்டார்கள். குகைக்குள்ளே சிங்கத்தின் மேல் அமர்ந்து யானை மேல் வரும் வீரனோடு போரிடும் இயக்கி சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். மலை உச்சியில் ஒரு கன்னடக் கல்வெட்டும் உண்டு.

இந்தச் சிற்பங்களின் காலம் கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு. இங்கேதான் ஒரு சுவாரசியமான கேள்வி. திருஞானசம்பந்தர் வாதில் வென்ற பிறகு எண்ணாயிரம் சமணர்கள் கழுவேற்றப்பட்டார்கள், அத்தோடு மதுரையில் சமணம் முடிந்தது என்று கதை கேட்டிருப்போம். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்காரர். அப்படியானால் அதற்கு இருநூறு வருடம் கழித்து இத்தனை சிற்பங்களைச் செய்தது யார்? செய்வித்தவர்கள் பெயர் கீழே வட்டெழுத்தில் இருக்கிறது. முக்கியமானவர் அச்சணந்தி என்ற துறவி. மதுரையைச் சுற்றிப் பல மலைகளில் அவர் பெயர் வருகிறது. பேச்சிப்பள்ளத்தில் அவருடைய தாயார் குணமதியார் செய்வித்த சிற்பமே இருக்கிறது. கழுவேற்றம் நடந்ததா இல்லையா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் அத்தோடு சமணம் முடிந்துவிடவில்லை என்பதற்குக் கல்லே சாட்சி.

யானைமலை: அவரவர் கடவுளோடு ஒரே மலையில்

மாட்டுத்தாவணியைத் தாண்டி ஒத்தக்கடை போனாலே படுத்திருக்கும் யானை தெரிந்துவிடும். இங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு இதை 'இவகுன்றம்' என்கிறது. இவம் (இபம்) என்றால் யானை. இரண்டாயிரம் வருடமாக எல்லோருக்கும் அது யானையாகவே தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

மலையடியில் நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைந்தது. குடமுழுக்குக்கு முன்பே அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டிப் பணியை முடித்தார். ஆண்டு கி.பி. 770. பக்கத்திலேயே முருகனுக்கு லாடன் கோயில் என்ற குடைவரை. படியேறி மேலே போனால் வண்ணப்பூச்சின் மிச்சத்தோடு சமணச் சிற்பங்கள்.

அந்தச் சமணச் சிற்பங்களின் கீழே இருக்கும் வட்டெழுத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: 'ரட்சை'. பாதுகாப்பு என்று பொருள். நரசிங்கமங்கலத்துச் சபையாரின் ரட்சை என்று ஒரு சிற்பத்தின் கீழே வருகிறது. பெருமாள் கோயில் ஊர்ச் சபையிடம் சமணத் திருமேனியைக் காக்கும் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள்!

அரிட்டாபட்டி: இரண்டு முறை காப்பாற்றப்பட்ட மலை

மாங்குளத்துக்குப் பக்கத்திலேயே அரிட்டாபட்டி. ஏழு மலைகள், இடையிடையே கண்மாய்கள், பாறையில் ஊறும் சுனைகள். இங்குள்ள கழிஞ்சமலையில் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள், அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் சிற்பம், சற்றுத் தள்ளி லகுலீசர் சிற்பத்தோடு ஒரு சிவன் குடைவரை என்று எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். மேலே பார்த்தால் ராஜாளி வட்டமிடும். அந்தத் தீர்த்தங்கரர் கல்வெட்டும் அதே சொல்லோடுதான் முடிகிறது. இங்கே 'பாதிரிக்குடியார் ரட்சை'.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.215 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் இதுதான் முதல். அதன் பிறகு 2024 நவம்பரில் இந்தத் தலத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க மத்திய அரசு ஏலம் விட்டது தெரிய வந்தது. ஊர் ஊராகக் கூட்டம், கிராமசபைத் தீர்மானம். டிசம்பரில் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கான மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கிப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று மத்திய அரசு அறிவித்தது.

கல்லுக்கு விலை வந்தபோது

எல்லா மலைக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. மேலூர் பக்கத்துக் கிரானைட்டுக்கு வெளிநாடுகளில் நல்ல விலை. கீழவளவில் பஞ்சபாண்டவர் மலை ஏறுங்கள். தொண்டியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த பள்ளி என்ற செய்தி அங்கே தலைகீழ் எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், சுற்றிலும் சதுரம் சதுரமாக அறுத்த பாறைகளும் தண்ணீர் தேங்கிய பெரும் பள்ளங்களும். 2012இல் இந்த முறைகேடு பெரிதாக வெளியே வந்தது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் உ.சகாயத்தை விசாரணை ஆணையராக நியமித்தது. 2015இல் அவர் அறிக்கை தந்தார். அறிக்கை வந்தாலும் அறுத்த மலை திரும்ப வராது.

யானைமலைக்கும் அப்படி ஒரு நேரம் வந்தது. 2009-10இல் அதைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் பேசப்பட்டபோது ஒத்தக்கடை, நரசிங்கம் பக்கத்து மக்கள் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் சமயத்தில் 2010இல் எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணன் முயற்சியில் 'பசுமை நடை' தொடங்கியது. குடும்பம் குடும்பமாக இந்த மலைகளுக்கு நடந்து போய் வரலாறு கேட்கும் வழக்கத்தை மதுரையில் உண்டாக்கியது அந்த அமைப்புதான்.

இப்போது மேலே சொன்ன 'ரட்சை'யை நினைத்துப் பாருங்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் அரசனை நம்பாமல் ஊர்ச் சபையை நம்பித்தான் அந்தச் சிற்பங்களை ஒப்படைத்தார்கள். சபையும் சமயமும் மாறிவிட்டன. ஆனால் 2010லும் 2025லும் மலைக்காக வீதிக்கு வந்தவர்கள் அதே அடிவாரத்து ஊர்க்காரர்கள்தான். யாரும் கல்வெட்டைப் படித்துவிட்டு வரவில்லை. ஆடு மேய்க்கிற, சுனைத் தண்ணீர் குடிக்கிற, சாமி கும்பிடுகிற மலை என்பதால் வந்தார்கள். ஆளே போகாத மலையை அறுப்பது சுலபம். தினம் கால் படுகிற மலையை அறுப்பது கஷ்டம். சட்டம், அறிவிப்புப் பலகை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* விடியற்காலையே கிளம்புங்கள். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும். மழை பெய்த மறுநாள் வேண்டாம், வழுக்கும்.
* தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். சுனையில் கை, கால் கழுவாதீர்கள்.
* தமிழ் பிராமி எழுத்து அட்டவணை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நாமே ஓர் எழுத்தைக் கண்டுபிடித்துப் படிக்கும் சந்தோஷமே தனி.
* கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு, சாக்பீஸ் தடவாதீர்கள். உங்கள் பெயரும் ஆள் பெயரும் எழுதும் வேலை வேண்டவே வேண்டாம். உப்பு வணிகர் பெயர் எழுதினார் என்றால், அவர் குகை கட்டிக் கொடுத்துவிட்டு எழுதினார்!
* அடிவாரத்து ஊரில் ஒரு டீ குடித்து, பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். புத்தகத்தில் இல்லாத பாதை அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் சமணர்மலையில் ஆரம்பியுங்கள். போய்விட்டு வந்து எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.