ஜோத்பூர்: மூன்று கட்டடங்களின் விலை

ஜோத்பூர் போய் வந்தவர்கள் கோட்டையின் உயரத்தைச் சொல்வார்கள், அரண்மனையின் அழகைச் சொல்வார்கள். அவற்றுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த ஊர் வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் மெஹ்ரான்கர் கோட்டை. ராத்தோர் அரசர் ராவ் ஜோதா 1459-ல் தொடங்கியது. ஊருக்கு மேலே ஏறத்தாழ 400 அடி உயரத்தில் பாறையோடு பாறையாக நிற்கிறது. அந்த மலையில் இருந்த ஒரு சாதுவை அப்புறப்படுத்தியதால், தண்ணீர்ப் பஞ்சம் வரட்டும் என்று அவர் சபித்தாராம். சாபம் தீர, ராஜாராம் மேக்வால் என்பவர் அஸ்திவாரத்தில் உயிரோடு புதைக்கப்பட்டார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கோட்டையில் அவருக்கு நினைவுக் கல் இருக்கிறது. மேக்வால்கள் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் என்பதையும் சேர்த்தே அந்தக் கல்லைப் படிக்க வேண்டும்.

அடுத்தது 1730. அரசர் அபய்சிங் புது அரண்மனை கட்ட நினைத்தார். சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டும். ஆட்கள் கேஜர்லி கிராமத்துக்குக் கோடரியோடு போனார்கள். அங்கே வளர்ந்தது கேஜ்ரி மரம். நம் விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக இருக்கும் அதே வன்னி. பச்சை மரத்தை வெட்டக்கூடாது என்பது பிஷ்னோய் மக்களின் நெறி. அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று வெட்டுப்பட்டார். அவரைத் தொடர்ந்து அவருடைய மகள்களும், பிறகு ஊராரும் உயிர் விட்டார்கள். மொத்தம் 363 பேர் என்கிறது அவர்கள் மரபு. அதன்பிறகுதான் அரசர் வெட்டை நிறுத்தச் சொன்னார்.

மூன்றாவது உமைத் பவன். வறட்சியில் வாடிய மக்களுக்கு வேலை கொடுக்க, மகாராஜா உமைத் சிங் 1929-ல் தொடங்கி 1943-ல் முடித்தார். 347 அறைகள்! பஞ்ச காலத்தில் இத்தனை அறைகள் எதற்கு, ஏரி வெட்டியிருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் வீட்டில் அடுப்பெரிந்தது. சாந்து பூசாமல் கற்களை ஒன்றோடொன்று கோத்தே கட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்புக்காக அத்தனை பேர் மாண்ட சீமையில் இது என் மனதில் நின்றது. இன்று அதன் ஒரு பகுதி நட்சத்திர ஹோட்டல், ஒரு பகுதி அருங்காட்சியகம். அரச குடும்பமும் அங்கேயே வசிக்கிறது.

ஜோத்பூர் போகிறவர்கள் கேஜர்லிக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். சுமார் 26 கி.மீ. தூரம்தான். அங்கே பார்ப்பதற்கு அரண்மனை கிடையாது. மரங்கள் இருக்கின்றன.