முன்தாளில் எழுதிய பெயர்கள்

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கமும் முளைத்த நகர்களில், தென் மாவட்டங்களிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் மனை வாங்கக் கட்டுப்படியாகாமல் இங்கே இறங்கியவர்கள். ஊரிலிருந்து வந்த பாத்திரங்கள் பழைய விலைக்குப் போயிருக்கும். தாத்தாவின் வேதாகமம் மட்டும் பீரோவில் இருக்கும். அதன் முன்தாளில் பவுண்டன் பேனா மையில் ஒரு கல்யாண நாள், பிள்ளைகளின் பிறப்பு, ஞானஸ்நானம். வேறு கையெழுத்தில் சில இறப்புகள். கீழே, பால்பாயிண்டில், பேரப்பிள்ளைகள்.

அந்தப் புத்தகம் பீரோவுக்கு வந்த வழி நீளமானது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய மிஷனரி சீகன்பால்க், 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். அச்சிட எந்திரம் வேண்டுமே. லண்டன் சங்கம் ஒன்று அனுப்பிய அச்சு எந்திரம் ஏறிய கப்பலை ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எந்திரம் மீட்கப்பட்டு 1712இல் வந்து சேர்ந்தது. அதோடு புறப்பட்ட அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. சிறிய எழுத்து வார்க்க ஈயம்? இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத்தை உருக்கினார்கள் என்பார்கள். 1715இல் புதிய ஏற்பாடு அச்சேறியது.

பழைய ஏற்பாட்டுக்கு அவருக்கு ஆயுள் போதவில்லை. 1719 பிப்ரவரியில் 36 வயதில் அவர் இறந்தபோது மொழிபெயர்ப்பு ரூத் புத்தகம் வரை வந்திருந்தது. அந்தச் சின்னப் புத்தகம் எப்படி முடிகிறது என்று பாருங்கள்: மோவாப் நாட்டு விதவை ஒருத்தி பெத்லகேமில் மறுமணமாகிப் பிள்ளை பெறுகிறாள், உடனே ஒரு வம்ச அட்டவணை, பேரேஸ் தொடங்கித் தாவீது வரை பத்துப் பெயர். வெறும் பெயர்கள்தான். ஆனால் ஆபிரகாமுக்குச் சொன்ன வாக்கு அறுந்துபோகவில்லை என்பதற்கு வேதம் காட்டும் சாட்சியே அந்தப் பெயர் வரிசை. ரூத் தன் பேரன் ஈசாயின் மகனைக் கண்டாளா என்று புத்தகம் சொல்வதில்லை.

சீகன்பால்க் இறந்த அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஷுல்ட்ஸ், தான் பார்த்தே இராத மனிதரின் வேலையைத் தொடர்ந்து 1728இல் முடித்தார். அடுத்து வேப்பேரியில் இருந்த ஃபெப்ரீசியஸ் முழுவதையும் திருத்தி எழுதினார். பணம் கொடுக்கல் வாங்கலில் சிக்கிக் கடனுக்காகச் சிறையும் கண்டவர், 1791இல் இறந்தார். அவருடைய பழைய ஏற்பாடு அச்சில் முழுமையானது 1796இல். அந்தத் தமிழை அடிப்படையாக வைத்து ஹென்றி பவர் குழு செப்பனிட்டு 1871இல் தந்ததுதான் இன்று பழைய திருப்புதல் எனப்படும் வேதாகமம். பீரோவில் இருப்பது அதுவே.

தொடங்கியதன் முடிவைக் காணாமல் போனது ஆபிரகாமுக்கும் நேர்ந்த கதிதான். தேசம் முழுவதும் உன் சந்ததிக்கு என்று உடன்படிக்கை. கூடவே, அதற்குமுன் அவர்கள் அந்நிய நாட்டில் 400 வருஷம் அடிமைப்படுவார்கள் என்ற முன்னறிவிப்பு. தன் வாழ்நாளில் அந்த மண்ணில் அவர் கிரயம் கொடுத்து வாங்கியதாக ஆதியாகமம் சொல்வது ஒரு நிலம், அதுவும் சாராளை அடக்கம்பண்ண. விற்ற எப்பெரோன் முதலில் 'சும்மாவே எடுத்துக்கொள்ளும்' என்ற தோரணையில் பேசி, மெல்ல 400 சேக்கல் என்று விலையை நழுவவிடுகிறான். மனைத் தரகர்களிடம் பழகிய கூடுவாஞ்சேரிக்காரருக்கு அந்தப் பேச்சு புதிதல்ல. ஆபிரகாம் பேரம் பேசவில்லை. ஊர் வாசலில் சாட்சிகளுக்கு முன்னால் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார்.

இதை வைத்துப் பார்த்தால், டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து ஆளுக்கொன்றாக எடுக்கும், வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இன்டர்வியூ வாசலிலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு. ஆனால் அது ஒரு பெயருக்கு, ஒரு வருஷத்துக்கு. மார்ச் மாதத்துக்குள் வேலை கிடைக்கவில்லையென்றால் 'கர்த்தர் ஏன் பேசாமலிருக்கிறார்' என்று கேள்வி வந்துவிடுகிறது. உபாகமமோ, கர்த்தர் உடன்படிக்கையைக் காப்பதை ஆயிரம் தலைமுறைக் கணக்கில் சொல்கிறது. அந்த வேதத்தைத் தமிழில் அடைய எடுத்த காலமும் அந்தக் கணக்குக்குத்தான் பொருந்துகிறது.

இப்போது பிள்ளைகள் போனில் படிக்கிறார்கள். படிக்கட்டும், சீஸ் ஈயத்தை உருக்கியவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். செயலியில் முன்தாள் இல்லை என்பதுதான் சங்கடம். ஆகவே புதுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆனதும் ஆச்சி பழைய புத்தகத்தைத்தான் இறக்கச் சொல்கிறார். தாள் நிறைந்துவிட்டால் நோட்டிலிருந்து ஒரு காகிதத்தைக் கிழித்து ஒட்டிக்கொள்கிறார்கள்.